வேலைக்காக விழுங்கியது

பிஸ்கட் தொழிற்சாலையில் அவருடைய பதவிக்குப் பெயர் ‘முதுநிலை தர உறுதிப்பாட்டு அலுவலர்’. அதை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க நல்ல நுரையீரல் வேண்டும் என்பதால், அடுப்புக்காரரிலிருந்து லாரி ஓட்டுநர்வரை எல்லாரும் அவரை ‘நாக்கு சார்’ என்றே கூப்பிட்டார்கள். பார்த்த வேலையும் அதுதான். அடுப்பில் வெந்து, நீளமான பெல்ட்டில் ஆறிக்கொண்டு வரும் பிஸ்கட்டில் ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் ஒரு தட்டு அவர் மேசைக்கு வரும். வெள்ளைச் சுவர், வெள்ளை விளக்கு, ஜன்னல் இல்லாத அறை. சென்ட் அடித்தவர்களுக்கு உள்ளே இடமில்லை. அவர் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் காதோரம் கொண்டுபோய், இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி உடைப்பார். ‘டக்’ என்றால் சரி. ‘டொப்’ என்றால் ஈரம் தங்கியிருக்கிறது. சத்தமே இல்லாமல் மடங்கினால் அடுப்புக்காரர் அன்றைக்கு யார் முகத்தில் விழித்தாரோ, பாவம். காது கேட்ட பிறகுதான் மூக்குக்கு வேலை. மூக்குக்குப் பிறகுதான் நாக்கு.

அந்தக் கட்டைவிரல்கள்தான் கையை விரித்துவிட்டன.

முதலில் காலையில் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. பிறகு பொத்தான் மத்தியானம்வரை வரவில்லை. விரல் கணுக்கள் வீங்கிச் சிவந்தன. முழங்காலோ, தன்மேல் ஏற்றப்பட்டிருக்கும் பாரத்தைப் பற்றி ஒவ்வொரு படியிலும் புகார் சொன்னது. பாரம் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டு எடை மெஷினில் நாக்கு சார் ஏறி நின்றால், எண்ணைப் பார்க்க வயிற்றைத் தாண்டி எட்டிப்பார்க்க வேண்டியிருந்தது. அதனால் அவர் பார்ப்பதில்லை. ஒருநாள் மேசையில் ஒரு தடித்த பிஸ்கட் உடையவே மாட்டேன் என்றது. இரண்டாம் முறை அழுத்தியபோது கட்டைவிரலிலிருந்து தோள்வரை மின்னல் ஓடியது. பிஸ்கட் தரையில் விழுந்து தானாக உடைந்தது. அந்தச் சத்தத்தையும் அவர் சரியாகக் கேட்கவில்லை.

இதைக் கண்ணாடிக் கதவு வழியாக மேலாளர் பார்த்துவிட்டார். மறுநாளே அழைப்பு வந்தது.

“சார், உங்க அனுபவம் இருக்கே, அதை இன்னும் உயரமான இடத்துல வெச்சுப் பார்க்கணும்னு நிர்வாகம் ஆசைப்படுது.”

“உயரம்னா?”

“மாடியில ஒரு ரூம் இருக்கு. சோபாவெல்லாம் போட்டாச்சு. ‘கௌரவச் சுவை ஆலோசகர்’னு கதவுல பலகை. சம்பளம் அப்படியே.”

“அங்க என்ன வேலை?”

“ஆலோசனை கேட்டா சொல்லணும்.”

“யார் கேப்பாங்க?”

மேலாளர் மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை நகர்த்திவைத்தார்.

“லிஃப்ட் இருக்கா?” என்று கேட்டார் நாக்கு சார்.

“படிதான்.”

கடைசியில் ஒரு தவணை கிடைத்தது. வருஷக் கடைசியில் புதிதாக ஒரு ஓட்ஸ் பிஸ்கட் வரப்போகிறது. கல்லுக்கு அண்ணன் மாதிரி இருக்கும். அதற்கான சுவைக் கூட்டத்தில் அவரே தன் கையால் உடைத்துத் தீர்ப்புச் சொன்னால் மேசை அவருக்கு. இல்லாவிட்டால் சோபா. உட்கார்ந்து ஓய்வெடுக்கச் சொன்னால் சந்தோஷப்படாத மனிதர் உண்டா என்று மேலாளருக்கு ஆச்சரியம். நாக்கு சாருக்கோ, அந்த வெள்ளை அறையைத் தவிர உலகத்தில் தன் பேச்சு எடுபடும் இடம் வேறு இல்லை என்பது நன்றாகத் தெரியும். வீட்டில் நிச்சயமாக இல்லை.

வீட்டில் மனைவி. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, மற்றவர்கள் சுவரில் மோதுவதற்கு ஒரு கணம் முன்பு தன் பக்கத்துப் பிரேக்கை மிதிப்பது அவள் தொழில். அதை வேலை நேரத்தோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு இல்லை.

“சோபாவா? நல்லதுதானே. இங்க உட்காருற மாதிரி அங்க உட்காரலாம்,” என்றாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, “சரி சரி. டாக்டர்ட்ட நாளைக்கே போறோம்,” என்றாள்.

டாக்டருக்கு முன்னால் மச்சான் வந்துவிட்டார்.

மனைவியின் அண்ணன். இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தபோது மனிதர்களுக்கு எப்போது சாவு வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஓய்வுக்குப் பிறகு அது வராமலிருக்க வழி சொல்ல ஆரம்பித்தார். சொந்தக்காரர்கள் வைத்த பெயர் மாத்திரை மச்சான். பிளம்பர் ஸ்பேனர் வைத்திருப்பது போன்ற ஒரு பெட்டியில் விட்டமின் குப்பிகளை அடுக்கி எடுத்துக்கொண்டு நடப்பார். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் மாப்பிள்ளையின் நகத்தைப் பார்ப்பார்.

“மாப்பிள்ளை, உங்களுக்கு இருக்கிறது வியாதியே இல்ல. குறைபாடு,” என்றார். ஏதோ பாராட்டுவது போலிருந்தது. “செல்லெல்லாம் பட்டினி கிடக்குது.”

“என்னைப் பார்த்தா பட்டினி கிடக்கிற ஆள் மாதிரியா இருக்கு, மச்சான்?”

“வெளியில கொழுப்பு. உள்ளுக்குள்ள பஞ்சம்.”

பேச்சோடு பேச்சாக மச்சான், நாக்கு சாரின் தலையிலிருந்து நாலு முடியைப் பிடுங்கி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டார். எங்கோ ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் எந்தெந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று எழுதி அனுப்பிவிடுவார்களாம். மச்சானும் அதைச் செய்துகொண்டவர்தான். அவர் தலையில் அதற்கான சரக்கு இல்லாததால் மீசையிலிருந்து அனுப்பினாராம். முடிவு வந்தபோது, நாக்கு சாருக்கு ஒத்துக்கொள்ளாதவை என்று வெள்ளரிக்காய், வாத்து முட்டை, மிளகு, ஒட்டகப் பால் எல்லாம் இருந்தன.

“ஒட்டகப் பாலை விட்டுடறேன், மச்சான்,” என்று உடனே சம்மதித்தார் நாக்கு சார்.

மூட்டு டாக்டர் அதிகம் பேசாதவர். விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், முடிவைப் பார்த்தார். விரலில் இருப்பது மூட்டுவாத அழற்சி. அதற்கு மருந்து உண்டு, ஒழுங்காகச் சாப்பிட வேண்டும், யார் சொல்லியும் நிறுத்தக் கூடாது. முழங்காலில் இருப்பது தேய்மானம். அதற்கு எடை குறைய வேண்டும். விட்டமின் டி குறைவாக இருக்கிறது. அதற்கு ஒரு மாத்திரை. “சிலருக்கு ஏதாவது ஒரு சாப்பாடு வலியைக் கிளப்பிவிடலாம். எல்லாருக்கும் இல்ல. ஆராய்ஞ்சு பார்க்கிறதுன்னா ஒழுங்கா பாருங்க,” என்று அடுத்த அறையிலிருந்த உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்.

ஆலோசகர் இளம்பெண். மேசையில் ரப்பரில் செய்த ஒரு துண்டு ரொட்டி, ரப்பர் முட்டை, ரப்பர் மீன். அவள் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள்.

“என்ன வேலை பாக்கறீங்க?”

நாக்கு சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “முதுநிலை தர உறுதிப்பாட்டு அலுவலர்.”

“உட்கார்ந்த இடத்துல வேலையா?”

“பெரும்பாலும்.”

அவள் எழுதிக்கொண்டாள். அலுவலகம், நாற்காலி, கோப்புகள் என்று அவள் மனத்தில் என்ன படம் விழுந்ததோ, விழுந்துவிட்டது. வீட்டில் காலை, மதியம், இரவு என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டாள். அவர் ஒரு பருக்கைகூட மறைக்காமல் சொன்னார். சில வாரங்களுக்குக் கோதுமை, பால், முட்டை மூன்றையும் முழுதாக நிறுத்த வேண்டும், அதன்பிறகு ஒன்றொன்றாகத் திரும்பக் கொண்டுவந்து உடம்பு என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும் என்றாள். இனிப்பும் எண்ணெயும் பாதி.

அன்றிலிருந்து அந்த வீட்டுச் சமையலறை ஒரு மடமாயிற்று. ரொட்டி போனது. வெண்ணெய் போனது. பால் இல்லாத காப்பியைக் குடித்துவிட்டு நாக்கு சார் வீட்டுக்கூரையைப் பார்ப்பார். காய்கறியை வேகவைத்து, பருப்பை வேகவைத்து, மீனை வேகவைத்து, மனைவிக்கே மனசு வெந்துபோனது. “இந்த வீட்ல வேகாம மிச்சம் இருக்கிறது நானும் இந்தக் குக்கர் மூடியும்தான்,” என்றாள் ஒருநாள்.

ஆனால் அவர் கட்டுப்பாட்டில் குறை சொல்ல முடியாது. கட்டுப்பாட்டைவிட அதைப் பற்றிய பெருமை கூடுதல். ஒருதரம் மனைவி மாவு டப்பாவைத் தொட்டுவிட்டு, கை கழுவாமல் அவருடைய கீரையைத் தொட்டுவிட்டாள் என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் கேக் கொடுத்தனுப்பினால், தவம் செய்கிறவன் முன்னால் ஆடவந்தவளைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்.

வாரங்கள் போயின. எடை மெஷினின் எண் அசையவில்லை. மருந்து கொஞ்சம் வேலை செய்தது, விரல்கள் பழைய அளவுக்குச் சிவக்கவில்லை. ஆனால் வீக்கம் வடிந்தும் வடியாமலும் நின்றது. வெள்ளை அறையில் மெல்லிய பிஸ்கட் உடைந்தது. தடித்தது உடையவில்லை. அதை அடுப்புக்காரர் உடைத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அந்த மரியாதைதான் நாக்கு சாருக்கு அதிகம் வலித்தது.

மச்சானுக்கோ இது கொண்டாட்டம். “சாப்பாட்டால ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொன்னேனா இல்லையா? மாப்பிள்ளைக்கு டோஸ் பத்தல.” பெட்டியிலிருந்து குப்பிகள் ஒவ்வொன்றாக இறங்கின. எலும்பு நண்பன், சூரிய சக்தி, மூட்டுக் காவலன், கடைசியாக ‘ஒன்றில் அனைத்தும்’ என்று ஒன்று. அனைத்தும் ஒன்றிலேயே இருந்தால் மற்றவை எதற்கு என்று மனைவி கேட்டாள். “உனக்கு கியர் மாத்தத் தெரியும். அதோட நிறுத்திக்கோ,” என்றார் அண்ணன்.

ஒருநாள் நாக்கு சார் மதியச் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனார். மனைவிக்கு அந்தப் பக்கம் ஒரு மாணவர் இருந்தார். பாடம் முடிந்ததும் பயிற்சிக் காரை அப்படியே தொழிற்சாலைப் பக்கம் திருப்பினாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் அந்த வெள்ளை அறைக்குள் வந்ததில்லை. காவலாளி முகர்ந்து பார்க்காத குறையாக விசாரித்து உள்ளே விட்டார்.

நாக்கு சார் விளக்குக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் வரிசையாகத் தட்டுகள். அவர் ஒன்றை உடைத்தார், காது கொடுத்தார், முகர்ந்தார், வாயில் போட்டார், கண்ணை மூடி மென்றார், விழுங்கினார். ஒரு வாய் வெதுவெதுப்பான தண்ணீர். அடுத்தது. உடைத்தார், முகர்ந்தார், மென்றார், விழுங்கினார். அவள் கதவருகிலேயே நின்று பார்த்தாள். சிவப்பு விளக்கைப் பார்க்காமல் வண்டியை விடுகிற மாணவனைப் பார்க்கும் அதே பார்வை.

“என்னங்க இது?”

“அட, நீயா. இது வெண்ணெய் பிஸ்கட். ரெண்டாம் அடுப்பு.”

“அது தெரியுது. இப்ப வாயில போட்டு முழுங்கினீங்களே, அதைக் கேக்கறேன்.”

“அது வேலைம்மா.”

“வேலையை எதுக்கு முழுங்கறீங்க?”

“முழுங்கினாத்தான் கடைசிச் சுவை தெரியும். தொண்டையைத் தாண்டும்போதுதான் பிஸ்கட் உண்மையைச் சொல்லும்.”

“இதுல என்ன இருக்கு?”

அவர் சந்தோஷமாக ஆரம்பித்தார். தன் துறையில் மனைவி கேட்ட முதல் கேள்வி அல்லவா. “நல்ல கோதுமை மாவு, வெண்ணெய், பால் பவுடர், சர்க்கரை, சிலதுல முட்டை…” குரல் போகப்போகத் தேய்ந்து, முட்டையில் நின்றுபோனது.

அவள் மேசையிலிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

“காலையிலேர்ந்து சாயங்காலம்வரைக்கும் இப்படித்தானா?”

“தட்டு வர வர… ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மூணு. ஆனா இது சாப்பாட்டுல சேராது.”

“எதுல சேருது? இன்கம் டாக்ஸ்லயா?”

“சாப்பாடுன்னா பசிக்குச் சாப்பிடறதும்மா. இது கடமை.”

“கடமை கீழ இறங்கி வேற வயித்துக்குப் போகுதா?” என்றாள். பிறகு மேசையைப் பார்த்தாள். “துப்பறதுக்கு ஏதாவது கொடுத்திருப்பாங்களே?”

கொடுத்திருந்தார்கள். நல்ல எவர்சில்வர் கிண்ணம். அதில் அவர் பேனாக்களைப் போட்டுவைத்திருந்தார்.

அவள் சாப்பாட்டு டப்பாவை மேசைமேல் வைத்தாள். வேகவைத்த காலிஃபிளவர். வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, தலையில் கைவைத்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். “மாவு டப்பாவைத் தொட்டதுக்கு ரெண்டு நாளு… ரெண்டு நாளுங்க…” மேற்கொண்டு பேச்சு வரவில்லை. நாக்கு சார் கோபப்பட முயன்று பார்த்தார். வயிறு குலுங்கியதில் அவருக்கும் அடக்க முடியவில்லை.

சிரித்து முடித்த பிறகு பயம் வந்தது. இந்த மேசையைக் காப்பாற்றத்தான் இத்தனை பத்தியமும். மேசையே விரலைக் கெடுக்கிறதென்றால் இரண்டில் எதை விடுவது? பிஸ்கட்டை விட்டால் சோபா, விடாவிட்டாலும் சோபா. வருஷக் கடைசிக்குச் சில மாதங்களே இருந்தன.

அடுத்த முறை ஆலோசகரிடம் போனபோது மச்சானும் கூட வந்தார், பெட்டியோடு. “அந்தப் பொண்ணுக்கு நாலு விஷயம் தெரியட்டும்.”

மனைவி நடந்ததைச் சொன்னாள். ஆலோசகர் பேனாவை மூடிக்கொண்டே கேட்டாள்: “சார், முதல்லயே பிஸ்கட் சாப்பிடற வேலைன்னு சொல்லியிருக்கலாமே.”

“அப்படிச் சொன்னா வேலை மாதிரியே தெரியாது,” என்றார் நாக்கு சார் பரிதாபமாக.

“பரவாயில்ல. நாம ஆராய்ச்சியை இன்னும் ஆரம்பிக்கவே இல்லைன்னு வெச்சுக்குவோம். நாளையிலேர்ந்து துப்புங்க. துப்பிட்டு வாய் கொப்பளிங்க.”

“துப்பறது பிஸ்கட்டுக்கு அவமரியாதைம்மா. கடைசிச் சுவை—”

“சோபாவுக்குப் போனா முதல் சுவையும் கிடையாது,” என்றாள் மனைவி. பிரேக் அந்த இடத்தில் விழுந்தது.

மச்சான் தொண்டையைச் செருமினார். பெட்டியைத் திறந்து குப்பிகளை அணிவகுத்து நிறுத்தினார். முடிப் பரிசோதனையின் முடிவையும் பக்கத்தில் வைத்தார். ஆலோசகர் முதலில் அதைப் பார்த்தாள். “முடியை வெச்சு இதெல்லாம் கண்டுபிடிக்க முடியாதுங்க.” பிறகு குப்பிகளைத் திருப்பி, பின்னால் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள். “எலும்பு நண்பன்ல டி இருக்கு. சூரிய சக்தி முழுக்கவே டி. மூட்டுக் காவலன்லயும் டி. ஒன்றில் அனைத்தும், இதுலயும். டாக்டர் கொடுத்த மாத்திரை வேற தனி.”

“விட்டமின்தானே. கூடப் போனா உடம்பு வெளிய தள்ளிடும்,” என்றார் மச்சான்.

“சிலதைத் தள்ளும். இது உள்ளயே தங்கும். ரொம்பக் கூடினா ரத்தத்துல கால்சியம் ஏறும், கிட்னிக்குப் பிரச்சனை. சார் டாக்டர் கொடுத்ததை மட்டும் எடுத்தாப் போதும். அளவு சரியானதும் அதையும் குறைப்பாங்க.”

மச்சான் குப்பிகளைப் பார்த்தார். அவை எல்லாம் வேறு வேறு நிறத்தில் ஒரே ஆளாக நின்றுகொண்டிருந்தன. “நான் இதையெல்லாம் ரொம்ப காலமா…” என்று ஆரம்பித்து, குரலைத் தாழ்த்தி, “தினம் ரெண்டு வேளை,” என்றார்.

“நீங்களும் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துடுங்க, அங்கிள்.”

ஆலோசகருக்குப் பாடம் நடத்தவந்தவர் அங்கேயே கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார். அளவு எல்லையைத் தாண்டியிருந்தது. நல்லவேளை, ஆபத்தில்லை, நிறுத்தினால் போதும் என்றார்கள். அடுத்த ஞாயிறு அவர் பெட்டி இல்லாமல் வந்தார். “இந்த மாத்திரை கம்பெனிக்காரன்லாம் இருக்கானே, மாப்பிள்ளை, ஜனங்களை எப்படி ஏமாத்தறான் தெரியுமா?” என்று ஆரம்பித்து, இரண்டு மணி நேரம் அதே வேகத்தில் எதிர்த்திசையில் ஓட்டினார். ஆள் மாறவில்லை, ரூட் மட்டும் மாறியிருந்தது.

நாக்கு சார் கிண்ணத்திலிருந்து பேனாக்களை எடுத்தார். முதல் நாள் துப்புவதற்கு முன் கண்ணாடிக் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். மென்றதை வெளியே விட வாய் மறுத்தது. தொண்டை தானாகத் திறந்து, வழக்கமான விருந்தாளியை உள்ளே அழைத்துக்கொண்டது. இரண்டாவதும் அப்படியே போனது. மூன்றாவதைத்தான் துப்பினார். ஏதோ துரோகம் செய்த மாதிரி இருந்தது. அந்த வாரம் முழுக்க அறையிலிருந்து வெளியே வந்தபோதெல்லாம் அவர் முகத்தில் துக்கம் விசாரிக்கப் போய்வந்த களை.

பிறகு ஒரு மத்தியானம் விநோதமான ஒன்று நடந்தது. கடைசிச் சுற்றில் வந்த தட்டில் ஒன்றைக் கடித்தவர் நிமிர்ந்தார். உப்பு. இலேசாகத்தான், ஆனால் உப்பு. பக்கத்துத் தட்டில் அடி தீய்ந்த வாடை. இரண்டையும் நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினார். அடுப்புக்காரர் ஓடிவந்தார்.

“என்ன சார், மத்தியானத்துல நிறுத்தறீங்க?”

“உப்பு கூட இருக்கு. மத்தியானம்னா என்ன?”

அடுப்புக்காரர் தலையைச் சொறிந்தார். “இல்ல சார். மதியத்துக்கு மேல நாங்க கொஞ்சம் தைரியமா இருப்போம். நீங்க எல்லாத்தையும் ‘நல்லாருக்கு’ம்பீங்க.”

நாக்கு சார் தட்டைத் தள்ளிவைத்தார். தொண்டையைத் தாண்டும்போது பிஸ்கட் உண்மையைச் சொல்லும் என்று பயிற்சிக்கு வந்தவர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்தவர். இத்தனை வருஷமும் மதியத்துக்கு மேல் தீர்ப்புச் சொன்னது நாக்கு அல்ல, நிரம்பிய வயிறு. ஊரில் சாயங்கால பிஸ்கட் சாப்பிட்டவர்கள் எல்லாரும் அவரை மன்னிக்க வேண்டும். வீட்டில் இதைச் சொல்லலாமா என்று யோசித்தார். சொல்லாமலிருப்பது உடம்புக்கு நல்லது என்று முடிவு செய்தார்.

எடை இறங்க ஆரம்பித்தது. முதலில் மெஷின் சந்தேகத்தோடு ஒரு எண்ணைக் குறைத்தது. பிறகு அதற்கே பழகிவிட்டது. இடுப்பு பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. முழங்கால் புகார் சொல்வதை நிறுத்தவில்லை, குரலைக் குறைத்துக்கொண்டது. விரல் வீக்கம் வடிந்து, கல்யாண மோதிரம் மறுபடி கணுவைத் தாண்டியது. மனைவி அதைப் பார்த்துவிட்டு, “மாட்டிக்கிட்டீங்க,” என்றாள்.

அதன்பிறகு ஒன்றொன்றாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். முதலில் கோதுமை. நாக்கு சார் ஒரு துண்டு ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, வெடிகுண்டு நிபுணர் மாதிரி பார்த்தார். சாப்பிட்டார். சில நாள் காத்திருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. முட்டை வந்தது, முட்டையும் நிரபராதி. பால் வந்தது. இரண்டு நாள் பாலோடு காப்பி குடித்துவிட்டு, இழந்த சொர்க்கம் கிடைத்த மாதிரி நடமாடினார். மூன்றாம் நாள் காலை சட்டைப் பொத்தான் வரவில்லை. நிறுத்தினார்கள், வந்தது. கொஞ்ச காலம் கழித்து மறுபடி கொடுத்துப் பார்த்தார்கள், மறுபடி வரவில்லை.

“அப்ப பால்தான் குற்றவாளி,” என்றார் நாக்கு சார் ஆலோசகரிடம்.

“உங்களுக்கு, இப்போதைக்கு, அப்படித்தான் தெரியுது. மருந்து வேலை செய்யுது, எடை இறங்கியிருக்கு, டி சரியாயிருக்கு, பாலை விட்டிருக்கீங்க. யாருக்கு எவ்வளவு மார்க்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. பாலுக்குப் பதிலா கால்சியத்துக்கு என்ன சாப்பிடணும்னு சொல்றேன். மாத்திரையை நிறுத்தாதீங்க.”

இவ்வளவு அடக்கமாக யாராவது பேசி அவர் கேட்டதில்லை. தொழிற்சாலையில் ஒரு புது பிஸ்கட் உறைக்குக்கூட இதைவிட வாய் நீளம்.

வருஷக் கடைசிக் கூட்டத்துக்கு நிர்வாகத்திலிருந்து நாலைந்து பேர் வந்திருந்தார்கள். மேலாளர் வரவேற்புரையில் ‘பயணம்’ என்ற சொல்லைப் பிஸ்கட்டுக்குப் பயன்படுத்தினார். வெள்ளைத் தட்டில் ஓட்ஸ் பிஸ்கட் வந்தது. தடியாக, முரட்டுத்தனமாக, யார் என்னை உடைப்பது என்று கேட்பதுபோல இருந்தது. அடுப்புக்காரர் பழக்க தோஷத்தில் கையை நீட்டினார். நாக்கு சார் தலையை ஆட்டி மறுத்தார்.

காதோரம் கொண்டுபோனார். கட்டைவிரலை வைத்தார். அழுத்தியபோது வலித்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் அது உட்கார்ந்து பேசக்கூடிய வலி. இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

‘டக்.’

அறையில் எல்லாரும் மூச்சு விட்டார்கள். அவர் முகர்ந்தார், மென்றார், கண்ணை மூடினார், கிண்ணத்தில் துப்பினார். நிர்வாகத்திலிருந்து வந்தவர்களில் ஒருவர் லேசாக முகம் சுளித்தார்.

“ஓட்ஸ் நல்லா வறுபட்டிருக்கு. சத்தம் சரி. சர்க்கரை கொஞ்சம் தூக்கலா இருக்கு. ஓட்ஸோட வாசனையை மூடுது. பாதியா குறைங்க,” என்றார் நாக்கு சார்.

“மார்க்கெட் ஆராய்ச்சி இந்த இனிப்புதான் வேணும்னு சொல்லுதே,” என்றார் முகம் சுளித்தவர்.

“மார்க்கெட் ஆராய்ச்சி எத்தனை மணிக்குப் பண்ணீங்க?”

அவருக்குக் கேள்வி புரியவில்லை. அடுப்புக்காரருக்குப் புரிந்தது, திரும்பி நின்று இருமினார். சர்க்கரை குறைந்தது. மாடி அறையின் சோபா கடைசியில் விருந்தினர் காத்திருக்கும் இடமாயிற்று.

கூட்டம் கலைந்த பிறகு மேலாளர் மட்டும் நின்றார். கதவைச் சாத்திவிட்டு வந்து, வலது முழங்காலைத் தடவிக்கொண்டார்.

“சார், தப்பா நினைக்காதீங்க. எனக்கும் இந்தக் கால் கொஞ்ச நாளா… படியேற முடியல. நீங்க என்ன சாப்பிட்டீங்க?”

நாக்கு சாருக்குள் ஒரு பிரசங்கம் எழுந்து நின்றது. பாலின் குற்றங்கள், விட்டமின்களின் கள்ள வேடம், கோதுமையின் நிரபராதித்தனம், துப்புவதன் தத்துவம். வாயைத் திறந்துவிட்டார். நெஞ்சுகூட விரிந்துவிட்டது. எதிரே மேலாளரின் கண்கள், நம்பிக்கையோடு, எதைச் சொன்னாலும் வாங்கி விழுங்கத் தயாராக இருந்தன.

அந்தக் கண்களைப் பார்த்ததும் அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

“எனக்கு ஒத்துக்கிட்டது உங்களுக்கு ஒத்துக்கணும்னு இல்ல, சார். ஒரு டாக்டர் நம்பர் தர்றேன். அதிகம் பேச மாட்டார். அங்க யாராவது என்ன வேலைன்னு கேட்டா மட்டும் உள்ளதைச் சொல்லிடுங்க,” என்றார்.

மேலாளர் எண்ணைக் குறித்துக்கொண்டு, படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தபடி, விருந்தினர் காத்திருந்த மாடிக்கு ஏறினார். கதவைத் தள்ளிக்கொண்டு மத்தியானத் தட்டு உள்ளே வந்தது. பின்னாலேயே அடுப்புக்காரர், முகத்தில் கவலையோடு. நாக்கு சார் விளக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.